மலேசியா கண்ட ஆகச் சிறந்த காற்பந்தாட்டக்காரர் யார்? என் வாக்கு மொக்தாருக்கு இல்லை

செந்தூல்வாசி

சென்ற சனிக்கிழமை இரவு செந்தூலில் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து, தே தாரிக் தேநீர் ஆறி ஏடு படியும் வரை என் அக்காள் மகனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். "மலேசியா கண்ட ஆகச் சிறந்த ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது, மாமா?" என்பது அவன் கட்சி. அவன் பிறந்தபோது மொக்தார் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஆடிய ஒரு முழு ஆட்டத்தைக்கூட அவன் பார்த்ததில்லை; ஆனாலும் ஐயம் என்பதே அவனுக்கு இல்லை. அந்த ஐயமின்மைதான் என்னை இதை எழுத வைத்தது.

என் வாக்கு சோ சின் ஆனுக்கு. மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்து, 1969 முதல் 1984 வரை தேசிய அணியின் தற்காப்பில் நின்றவர். அனைத்துலக ஆட்டங்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை மட்டுமே 195. 2022ஆம் ஆண்டில் குவைத்தின் பத்ர் அல் முத்தாவா 196ஆவது ஆட்டத்தை ஆடும் வரை, ஆண்கள் காற்பந்தில் நாட்டுக்காக அதிக முறை களமிறங்கியவர்கள் பட்டியலின் உச்சியில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1972 மியூனிக் ஒலிம்பிக், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1976, 1980 ஆசியக் கிண்ணங்கள், 1977, 1979 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுத் தங்கங்கள், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆகிய அனைத்திலும் அவர் இருக்கிறார். முன்னணியில் ஆட்கள் மாறினார்கள், பயிற்றுநர்கள் மாறினார்கள், அவர் மட்டும் மாறவில்லை. ரசிகர்கள் அவரை 'தவுக்கே' என்று அழைத்தது வேடிக்கைக்காக அன்று. கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியைப் போலத் தற்காப்பு முழுவதும் அவர் கண்பார்வையில்தான் நடந்தது.

விவாதத்துக்கு இரண்டே நிபந்தனைகள் வைக்கிறேன். முதலாவது, நாட்டுக்காக ஆடிய ஆட்டத்தைக் கொண்டு அளக்க வேண்டும். இரண்டாவது, ஒரு நாள் மின்னியவரைப் பற்றி அன்று, பல ஆண்டுகள் நின்றவரைப் பற்றிப் பேச வேண்டும். மற்றபடி, மாற்றுக் கருத்துள்ளவர்கள் இந்த இணைய இழையில் தாராளமாக எழுதலாம்.

எண்கணக்கன்

செந்தூல்வாசி அண்ணனின் தரவுகளில் எனக்கு மறுப்பில்லை; முடிவில்தான் மறுப்பு. மொக்தார் 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்திருக்கிறார். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 0.63 கோல். ஹங்கேரியின் மாபெரும் ஆட்டக்காரர் புஷ்காஷ் நாட்டுக்காக அடித்தது 84. இந்தியாவின் சுனில் சேத்திரி அண்மைக் காலத்தில்தான் மொக்தாரைத் தாண்டினார். ஈரானின் அலி டாயி, ரொனால்டோ, மெஸ்ஸி ஆகியோரை விட்டால் அந்தப் பட்டியலில் மொக்தாருக்கு முன்னால் நிற்கும் ஆட்கள் மிகவும் குறைவு. செத்தாப்பாக்கில் பிறந்து கம்போங் பாண்டானில் வளர்ந்த ஒரு பையன், முழுநேரத் தொழில்முறை லீக் என்ற ஒன்றே நாட்டில் இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறான்.

பலவீனமான அணிகளுக்கு எதிராகக் கோல் அடித்துச் சேர்த்த எண்ணிக்கை இது என்று அடுத்து யாரேனும் எழுதுவார்கள். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். 1975இல் ஆர்சனல் கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா அரங்கத்தில் 2-0 என்று தோற்றபோது இரண்டு கோல்களும் மொக்தாருடையவை. 1978இல் பாபி ராப்சன் அழைத்து வந்த இங்கிலாந்து 'பி' (இரண்டாம் நிலை) அணியுடன் ஆட்டம் 1-1 என்று முடிந்ததே, அந்த ஒரு கோலும் அவருடையதுதான். நட்பு ஆட்டங்கள்தானே என்பீர்கள். ஆம், நட்பு ஆட்டங்கள்தான். ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடி ஓர் இங்கிலாந்துத் தற்காப்பையே பின்னால் விட்டுவிட்டு அடிக்கும் கோலுக்கு எதிரில் நிற்பவர் நட்புக்காக வழிவிடுவதில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ரியல் மாட்ரிட் மொக்தாரை அழைத்தது என்ற கதையைத் தயவு செய்து இங்கே யாரும் இழுத்துவர வேண்டாம். அது காப்பிக் கடைகளில் பல்லாண்டுகளாகச் சுற்றி வருகிற கதை. 89 கோல்களைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த ஊன்றுகோல் தேவையில்லை.

தோட்டத்துப் பிள்ளை

நீங்கள் இருவரும் கோல் அடித்தவரைப் பற்றியும் கோல் வராமல் முன்னால் மறித்தவரைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். கடைசியில் பந்தின் முன்னால் தனியாக நின்றவரை மறந்துவிட்டீர்கள். என் வாக்கு கோல் காவலர் ஆர். ஆறுமுகத்துக்கு.

நான் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். லயத்து வீடுகளுக்கெல்லாம் சேர்த்துத் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி இருந்தது. அது ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டுப் போட்டு வைக்கப்பட்டிருக்கும், சாவி வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம். தேசிய அணியின் ஆட்டம் என்றால் மாலை நான்கு மணிக்கே பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் கோணிப்பையை விரித்து இடம் பிடித்துவிடுவோம். ஆண்டெனாக் கம்பத்தைத் திருப்ப ஒருவர் வெளியே நிற்பார். படம் தெளிந்ததும் உள்ளேயிருந்து எல்லோருமாகக் கத்துவோம். அப்படிப் பார்த்த ஆட்டங்களில் என் கண்ணில் இன்றும் நிற்பது ஆறுமுகத்தின் கைகள். மற்றக் காவலர்கள் பாய்ந்தும் எட்டாத பந்தை அவர் பாதி தூரமே சாய்ந்து விரல் நுனியால் தட்டிவிடுவார். அந்த நீண்ட கைகளுக்காகத்தான் நாடே அவரை 'ஸ்பைடர்மேன்' என்றது.

மறுநாள் மாலையில் பால்மரக் காட்டோரத் திடலில் இரண்டு செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்து ஆடுவோம். அதுவரை எங்களில் குண்டானவனையோ ஆடத் தெரியாதவனையோ பிடித்துத்தான் கோல் காவலாக நிறுத்துவது வழக்கம். ஆறுமுகம் வந்த பிறகு, நான் நிற்கிறேன், நீ நிற்கிறாய் என்று அந்த இடத்துக்குச் சண்டையே நடந்தது. ஒருவர் ஆடும் இடத்துக்கே மதிப்பைக் கூட்டிக் கொடுத்தார் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? 1988ஆம் ஆண்டு டிசம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்தபோது வயது 35தான். அன்று பால் வெட்டிவிட்டு வந்த என் தந்தை சோற்றில் கை வைக்கவில்லை.

செந்தூல்வாசி

தோட்டத்துப் பிள்ளை அவர்களே, உங்கள் பதிவைப் படித்துக் கண் கலங்கியது உண்மை. ஆனால் மனத்தில் பட்டதை மறைக்காமல் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆறுமுகம் நம்மவர் என்பதற்காக நாம் அவருக்கு ஒரு படி கூடுதலாகக் கொடுக்கிறோமா?

இந்தக் கேள்வியை முதலில் என்னிடமே கேட்டுக்கொண்டேன். சிறு வயதில் எனக்கும் ஆறுமுகம்தான் எல்லாம். பள்ளியில் மலாய்ப் பையன்கள் மொக்தார் என்பார்கள், சீனப் பையன்கள் சோ சின் ஆன் என்பார்கள், நாங்கள் ஆறுமுகம் என்போம். பஞ்சாபிப் பையன் ஒருவன் மட்டும் சந்தோக் சிங் என்று தனியாக நிற்பான். அந்த அணியின் அழகே அதுதான்: ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஓர் ஆள் இருந்தார். ஆனால் யார் ஆகச் சிறந்தவர் என்ற கேள்விக்கு வீட்டை வைத்து விடை சொல்லக் கூடாது அல்லவா? நம்மவர் என்றே பார்ப்பதானால், 1970களின் தொடக்கத்தில் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரனை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழர் அவர். அதற்கு முன்பு எதிரணிக் காவலர்களை அஞ்ச வைத்த முன்னணி ஆட்டக்காரர் என். தனபாலனை ஏன் சொல்லவில்லை? ஆக, நம் வாக்கு இனத்துக்குப் போகிறது என்றுகூடச் சொல்ல முடியாது. தொலைக்காட்சிப் பெட்டி எந்த ஆண்டில் நம் மண்டபத்துக்கு வந்ததோ, அந்த ஆண்டின் ஆட்டக்காரருக்குப் போகிறது.

ஆயர் ஈத்தாம்காரர்

கோலாலம்பூர் நண்பர்கள் பேசுவதைப் பார்த்தால் மலேசியக் காற்பந்து செத்தாப்பாக்கில் தொடங்கி செந்தூலில் முடிந்துவிடும் போலிருக்கிறது. பினாங்கிலிருந்து ஒரு குரல் எழுப்பாவிட்டால் என் மனம் ஆறாது.

மொக்தாருக்கு எதிராக இருக்கும் மிகப் பெரிய சான்றை இதுவரை ஒருவரும் வைக்கவில்லை. மலேசியா ஒலிம்பிக் காற்பந்தில் ஆடியது ஒரே ஒரு முறை, 1972இல். அதற்கான தகுதிச்சுற்று 1971இல் சியோலில் நடந்தது. அங்கே ஜப்பானை 3-0 என்றும், சொந்த மண்ணில் ஆடிய தென் கொரியாவை 1-0 என்றும் நாம் வென்றோம். அந்த ஜப்பான் சாதாரண அணி அன்று. மூன்றே ஆண்டுகளுக்கு முன்னால் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நாடு. மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்று தோற்றோம். அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். மொரோக்கோ நம்மை 0-6 என்று நொறுக்கியது. இந்தக் கதையின் எந்தப் பக்கத்திலும் மொக்தார் இல்லை. அவர் அதற்குப் பிறகு வந்தவர். நாட்டின் ஆகப் பெரிய சாதனை அவர் இல்லாமலே நடந்திருக்கிறது என்பதை எண்கணக்கன் தம் கணக்கில் எங்கே எழுதுவார்?

அந்த மியூனிக் அணியில் பினாங்குக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நாமாட் அப்துல்லாவும் ஷஹாருடின் அப்துல்லாவும் ஒரு குடும்பம். அலி பக்காரும் முகமது பக்காரும் இன்னொரு குடும்பம். பக்கார் வீட்டிலிருந்து ஈசா பக்காரும் பிறகு தேசிய அணிக்கு வந்தார். 1974இல் பேராக்கை 2-1 என்று வென்று பினாங்கு மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியதே, அதுதான் இன்றுவரை எங்கள் கடைசி மலேசியக் கிண்ணம். அந்தத் தலைமுறையை மறந்துவிட்டுப் பட்டியல் போடுவது நியாயம் இல்லை.

ஷஹாருடினைத்தான் ஆகச் சிறந்தவர் என்கிறேனா என்று கேட்டால், இல்லை. அவர் இந்த விவாதத்தில் பெயர்கூடச் சொல்லப்படாமல் போகக் கூடாது என்கிறேன், அவ்வளவுதான்.

எண்கணக்கன்

ஆயர் ஈத்தாம்காரர் வைத்த சான்று வலுவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாளால் ஃபைஸ் சுப்ரியை வெட்டுவீர்களா? 2016 பிப்ரவரியில் உங்கள் ஜார்ஜ் டவுன் மாநகர அரங்கத்தில் பகாங்குக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக், ஒரு பக்கமாகப் போவது போல் போக்குக் காட்டி நடுவழியில் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. அதற்காக 2017 ஜனவரியில், ஆண்டின் ஆகச் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருதை சூரிக்கில் வாங்கினார். உலக மேடையில் ஒரு மலேசிய ஆட்டக்காரர் பெற்ற உச்ச மதிப்பு அதுதானே?

ஆயர் ஈத்தாம்காரர்

அந்தக் கோல் அடித்த இரவில் நான் அரங்கத்தில்தான் இருந்தேன். என் பக்கத்தில் கச்சாங் பூத்தே பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவர், பந்து வளைந்ததும் பொட்டலத்தைக் கை நழுவ விட்டார். கடலையெல்லாம் படிக்கட்டில் உருண்டது. அரங்கம் கத்துவதற்கு ஒரு நொடி தாமதித்தது, ஏனென்றால் கண்ணால் கண்டதை ஒருவரும் நம்பவில்லை. பினாங்கு அன்று 4-1 என்று வென்றது. இதையெல்லாம் கொண்டாடுவேன். ஆனால் அது மலேசியாவின் ஆகச் சிறந்த கோல். அடித்தவர் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் என்று ஆகிவிடாது. செந்தூல்வாசி வைத்த இரண்டாவது நிபந்தனை எனக்கும் உடன்பாடே.

கிள்ளான் பெரியவர்

பிள்ளைகளே, எனக்கு எண்பதை எட்டும் வயது. பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன்.

உங்கள் எல்லாருடைய கணக்கும் 1970களில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒரு 'ராஜா போலா' (காற்பந்து அரசர்) இருந்தார், அப்துல் கனி மின்ஹாட். மெர்டேக்கா அரங்கத்தின் சிமெண்டு காய்ந்திராத காலம் அது. 1958இலும் 1959இலும் மெர்டேக்கா போட்டியை மலாயா வென்றது. 1960இல் தென் கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம். மலேசியா என்ற நாடே அப்போது பிறக்கவில்லை. மொக்தார் வந்தபோது, இவர் அடுத்த கனி ஆவாரா என்றுதான் நாங்கள் கேட்டோம். இப்போது கனியைப் பற்றி யாரிடமாவது சொன்னால், மொக்தார் மாதிரியா என்று கேட்கிறார்கள்.

அவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தில் பந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் சொல்ல என்னிடம் படச்சுருளும் இல்லை, புள்ளிவிவரமும் இல்லை. 2012இல் அவர் காலமான செய்தி வந்த அன்று என் வயதுக்காரர்கள் மட்டும்தான் தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைத்துப் பேசிக்கொண்டோம்.

புக்கிட் ஜாலில் தம்பி

பெரியவர்கள் நடுவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நினைவு தெரிந்து நாடு ஒரே குரலில் கத்தியது 2010 டிசம்பரில்தான். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். அந்த நான்கில் மூன்று கோல்கள் சஃபி சாலியுடையவை. போட்டி முழுவதிலும் ஐந்து கோல்கள் அடித்து அவரே முதலிடம். பயிற்றுநராக நின்றவர் நம் கே. ராஜகோபால், வலது ஓரத்தில் ஓடியவர் எஸ். குணாளன். அதே ராஜகோபால் ஓராண்டுக்கு முன்பு லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

என் கேள்வி இதுதான். 1970களில் ஆசியா தூங்கிக்கொண்டிருந்தது. இன்று ஜப்பானும் கொரியாவும் ஐரோப்பியக் கழகங்களில் ஆடும் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. 2024 ஜனவரியில் கத்தாரில் அப்படிப்பட்ட கொரியாவுக்கு எதிராக நாம் 3-3 என்று சமன் செய்தோமே, அதில் கோல் அடித்த பினாங்குப் பிள்ளை ஃபைசால் ஹலிமும், பெனால்டி அடித்த அரிஃப் ஐமானும் 1975இல் ஆடியிருந்தால் எத்தனை கோல் அடித்திருப்பார்கள்? இன்றைய வேகத்துக்கு முன்னால் மொக்தார் என்ன செய்திருப்பார்?

செந்தூல்வாசி

தம்பி, பொறுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, நல்ல கேள்வி. ஆனால் கேள்வியின் வேர் தவறான மண்ணில் இறங்கியிருக்கிறது.

ஆசியா தூங்கிக்கொண்டிருந்ததாக நீங்கள் சொல்லும் காலத்தில்தான் ஈரான், இஸ்ரேல், வட கொரியா, தென் கொரியா, பர்மா ஆகிய நாடுகள் வலுவாக ஆடின. 1974இல் தெஹ்ரானில் நாம் வெண்கலத்துக்காக வென்றது வட கொரியாவை, 2-1 என்று. அது உலகக் கிண்ணத்தில் கால் இறுதி வரை சென்று எட்டே ஆண்டுகள் ஆன நாடு. ஜப்பான் தொழில்முறை லீக்கைத் தொடங்கியது 1993இல். நாம் அரைத் தொழில்முறை லீக்கை அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1989இல் தொடங்கிவிட்டோம். வண்டியில் முதலில் ஏறியவர்கள் நாம். 1994இல் வெடித்த ஆட்ட நிர்ணய ஊழலில் ஒரு தலைமுறையின் நம்பிக்கையே போனது. அவர்கள் பள்ளிகளிலிருந்தும் பயிற்றுநர்களிலிருந்தும் கட்டி எழுப்பினார்கள். நாம் கிண்ணங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். ஆகவே அன்றைய ஆசியா எளிது, இன்றைய ஆசியா கடினம் என்று பிரிப்பதைவிட, அன்று நாமும் அந்த வரிசையில் நின்றோம் என்று சொல்வதே சரி.

வேகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். இன்றைய ஆட்டக்காரருக்கு உணவு நிபுணர் இருக்கிறார், காயத்துக்கு மருத்துவக் குழு இருக்கிறது, கால் வைத்தால் மேடு பள்ளம் இல்லாத புல்தரை இருக்கிறது. மெர்டேக்கா அரங்கத்தில் மழை பெய்தால் கோல் வாய் சேறாகிவிடும். பந்து தண்ணீர் குடித்துக் கனக்கும். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் அவர்கள். அரிஃப் ஐமானை 1975க்கு அனுப்புவதானால் இதையெல்லாம் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். மொக்தாரை இன்றைக்கு அழைத்து வருவதானால் இதையெல்லாம் கொடுத்து அழைத்து வர வேண்டும். அப்படிச் செய்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே வேறு விடை சொல்வீர்கள்.

சஃபியின் அந்த மூன்று கோல்களுக்கு நானும் தொண்டை கட்டக் கத்தினேன். அது ஒரு டிசம்பர். நான் பேசுவது பதினைந்து ஆண்டுகளைப் பற்றி.

தோட்டத்துப் பிள்ளை

செந்தூல்வாசி அண்ணன் என்னிடம் கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஆம், நம்மவர் என்ற பாசம் உண்டு, மறுக்க மாட்டேன். அந்தப் பாசத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு 1980 ஏப்ரல் 6ஆம் தேதியைப் பாருங்கள்.

மெர்டேக்கா அரங்கம், மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றின் இறுதி ஆட்டம், எதிரில் தென் கொரியா. நாம் 2-1 என்று வென்றோம். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் அடித்தார். சபாவின் இரண்டு பிள்ளைகள் நாட்டையே துள்ள வைத்தார்கள். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மாஸ்கோவைப் புறக்கணிக்க அரசு முடிவு செய்ததால் நாம் போகவில்லை. நம் இடத்தில் ஈராக் போனது. வென்றும் போக முடியாத அந்த அணியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஜேம்ஸ் வோங்கின் கோலைச் சொல்வார்கள். கோல் என்பது ஒரு நொடி. கொரியர்கள் அடுத்தடுத்து உயரமாகப் போட்ட பந்துகளைக் கூட்டத்துக்கு நடுவில் எழும்பிப் பறித்தவரையும் நினைத்துப் பாருங்கள். கொரியாவுக்கு எதிராக ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்லும் அணிக்குப் பின்னால் ஒரு காவலர் இருந்தே ஆக வேண்டும்.

செந்தூல்வாசி

அதே ஆட்டத்தில் ஆறுமுகத்துக்கு முன்னால் நின்றவர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும்தான் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், தம்பி. அணித்தலைவர் சோ.

தோட்டத்துப் பிள்ளை

எழுதுகிறேன், அண்ணா. அவர்கள் பயமில்லாமல் முன்னேறிப் போனதற்குக் காரணம் பின்னால் நின்ற ஆள்தான் என்பதை நீங்களும் எழுதுங்கள்.

எண்கணக்கன்

உங்கள் இருவருக்கும் நடுவே நான் நுழைய வேண்டியிருக்கிறது. சோவுக்கு ஆறுமுகம் சான்று, ஆறுமுகத்துக்குச் சோ சான்று என்று நீங்கள் மாற்றி மாற்றிச் சொல்லும்போது, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்து அளக்க முடியாது என்றுதான் ஆகிறது. மொக்தாரைப் பிரித்து அளக்க முடியும். சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையிலும் அவர் அடித்தார், நாட்டின் சட்டையிலும் அடித்தார். பந்து கொடுத்தவர்கள் மாறினாலும் அடித்தார். ஆயர் ஈத்தாம்காரர் சொன்ன மியூனிக் கதைக்கும் பதில் இருக்கிறது. 1971இல் மொக்தாருக்குப் பதினேழு வயது. பதினேழு வயதுப் பையன் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்குப் போகவில்லை என்பதை அவர்மீது குற்றமாக எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோயால் 1991ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி, 37 வயதில் அவர் இறந்தார். அந்தத் தொடைகளின் வலுவைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் புகழில் ஒரு பங்கு அந்த இளவயதுச் சாவினால் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 89 கோல்களும் அவர் உயிரோடும் உடல்நலத்தோடும் இருந்தபோது அடித்தவை. பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் உள்ள தேசியக் காற்பந்துப் பயிற்சிப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தது அனுதாபத்துக்காக அன்று.

ஆயர் ஈத்தாம்காரர்

பதினேழு வயது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பினாங்குக்காரர்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

இன்னும் ஒருவரை விட்டுவிட்டீர்கள், மலாக்காக்காரர் லிம் தியோங் கிம். 1980களின் இறுதியில் ஜெர்மனிக்குச் சென்று ஹெர்த்தா பெர்லினில் சேர்ந்தவர். மொக்தார் ஐரோப்பாவில் ஆடியிருப்பார் என்ற கற்பனைக் கதைகளுக்கு நாம் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கையாவது, உண்மையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவருக்குக் கொடுக்கலாம். நாட்டுக்காக ஆடியதை வைத்தே அளக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அவர் இந்தப் போட்டியில் வெல்ல மாட்டார், தெரியும்.

செந்தூல்வாசி

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் என் நிலையைத் தெளிவுபடுத்துகிறேன்.

எண்கணக்கன் சொன்ன ஒரு வாதம் என்னை அசைத்தது. பிரித்து அளக்க முடியாதவரை எப்படி ஆகச் சிறந்தவர் என்பது? இதை என் மைத்துனரிடம் கேட்டேன். அவர் எழுபதுகளின் பிற்பகுதியில் மெர்டேக்கா அரங்கத்தின் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் மலிவு இருக்கைகளில் வாரம் தவறாமல் உட்கார்ந்தவர். அங்கிருந்து பார்த்தால் எதிர்ப்பக்கக் கோல் எதுவும் சரியாகத் தெரியாது. தற்காப்பு மட்டும் கைக்கு எட்டும் தூரத்தில் தெரியும். அவர் சொன்னார்: "சோ விழுந்து புரண்டு பந்தைப் பறித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. பந்து வரப்போகும் இடத்தில் அவர் முன்னமே நிற்பார். ஓடி வருகிறவன் தானே கொண்டுவந்து கொடுப்பது போல இருக்கும். சட்டையில் சேறு படாமல் திடலை விட்டுப் போகும் தற்காப்பு ஆட்டக்காரர் அவர் ஒருவர்தான்."

சறுக்கிப் பறித்த பந்தையும் பாய்ந்து பிடித்த பந்தையும் அடித்த கோலையும் எண்ண முடிகிறது. நிகழாமலே போன ஆபத்தை எந்தப் பட்டியலில் எண்ணுவது? எண்கணக்கன் எண்ண முடிந்ததை எண்ணுகிறார், தவறில்லை. நான் 195 ஆட்டங்களில் நிகழாமல் போனவற்றுக்கு வாக்களிக்கிறேன். மொக்தாரை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன், மிகக் குறைந்த இடைவெளியில். கிள்ளான் பெரியவர் சொன்ன கனி மின்ஹாட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய எனக்குத் தகுதியில்லை, பார்த்தவர் சொல்லட்டும்.

அக்காள் மகனுக்கு இந்த இழையின் முகவரியை அனுப்பியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது: "எல்லாம் படித்தேன், மாமா. இன்னும் மொக்தார்தான். ஆனால் சந்தோக் சிங் யார்?"

சனிக்கிழமை அதே கடையில் சந்திக்கிறோம்.